நான் ஊற்றிய தண்ணீர்

கோமதிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லாமல் எதற்கு இத்தனை பக்கம் என்று நீ நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ "பரவால்லப்பா, விடுங்க" என்று சொல்லிவிடுவாய். அதைக் கேட்டதும் நானும் விட்டுவிடுவேன். இருபத்தேழு இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான் விட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். அதனால் நீ குறுக்கே பேச முடியாதபடி எழுதி அனுப்புகிறேன். தியா பள்ளிக்கூடம் போன பிறகு, அடுப்பில் எதுவும் வைக்காத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் தியா அவளுடைய புது மீன் தொட்டியைக் காட்டினாள் அல்லவா? சின்னக் கண்ணாடித் தொட்டி, அதற்குள் ஒரே ஒரு நீல மீன். "தாத்தாதான் வச்சுக் குடுத்தாங்க. தண்ணிய ரெண்டு நாள் வாளியில வச்சிட்டுத்தான் ஊத்தணுமாம். தாத்தா சொன்னாங்க" என்றாள். தாத்தா என்று அவள் சொன்னது உன் மாமனாரை. உங்கள் வீட்டில் அவர் வெறும் தாத்தா, நான் திருநெல்வேலித் தாத்தா. அது நியாயம்தான், கூடவே இருக்கிறவர் அவர். ஆனால் அந்தக் குழந்தை மூச்சுக்கு மூச்சு "தாத்தா சொன்னாங்க" என்றதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. "அவருக்கு மீனப் பத்தி என்ன தெரியும்? பேங்க்ல இருந்தவரு" என்று சொல்லிவிட்டேன். நீ அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டாய். போனை வாங்கி தியாவிடம் சொன்னாய்: "திருநெல்வேலித் தாத்தாவ லேசா நெனைக்காத. நோய் புடிச்ச மீன எங்களுக்கு வித்த கடைக்காரனையே கையும் களவுமா புடிச்சவங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்." தியா கை தட்டினாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ அவளிடம் சொன்னது உண்மை இல்லை, கோமதி. நீ பொய் சொல்லவில்லை. உனக்கு நான் கொடுத்த பொய்யை நீ நம்பி உன் மகளுக்குக் கொடுத்தாய்.

அப்போது நீ ஐந்தாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். ஊருக்குக் குடிதண்ணீர் ஏற்றும் நிலையத்தில் எனக்கு வேலை. ஆற்றுக்குள் இறக்கியிருக்கும் கிணற்றிலிருந்து மோட்டார் போட்டுத் தண்ணீரை ஏற்றி, மருந்து கலந்து, மேல்தொட்டிக்கு அனுப்ப வேண்டும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கரைத்து என் சட்டை எல்லாம் வெளுத்துப்போய் இருக்கும். உன் அம்மா அதைச் சொல்லிச் சலித்துக்கொள்வாள். நீ மட்டும் நான் வந்ததும் என் சட்டையில் முகத்தை வைத்து, "தண்ணி வாசம்" என்பாய். தெருவில் யார் வீட்டுக் குழாயைத் திறந்தாலும், "இது எங்கப்பா விடுத தண்ணி" என்று சொல்லுவாய். ஒருமுறை உன் வகுப்பு டீச்சரிடமே அப்படிச் சொல்லியிருக்கிறாய். அவர் என்னைப் பார்த்தபோது அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அன்று சம்பளம் கூடின மாதிரி இருந்தது. நான் படிப்பில் பெரிய ஆள் இல்லை, ஆபீஸிலும் என்னை யாரும் பெரிதாக மதித்தது இல்லை. உன் கண்ணில் மட்டும் நான் ஊருக்கே தண்ணீர் விடுகிறவன்.

அந்த வருஷம்தான் உன் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மைதீன் கடை போட்டார். மேலப்பாளையத்துக்காரர். துபாயில் மீன் தொட்டி விற்கிற கடையில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். மெலிந்த ஆள், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். நம் பக்கத்தில் அதுவரைக்கும் மீனைக் கறிக்குத்தான் வாங்கினோம், பார்ப்பதற்கு என்று யார் வாங்கினார்கள்? நீ தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு வந்தாய். பிறகு ஒரு ஃபைட்டர் மீன் வேண்டும் என்று ஒரு மாதம் அழுதாய். கடைசியில் அம்மாதான் கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் கொடுத்தாள். கருநீல உடம்பு, சிவப்பு வால். தண்ணீருக்குள் பட்டுத்துணியைக் காயப்போட்டது மாதிரி இருந்தது.

தொட்டி வைத்துக் கொடுக்க மைதீனே வீட்டுக்கு வந்தார். நான் வேலை முடிந்து வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு அடிக் கண்ணாடித் தொட்டியை உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாய். "சோப்பு போட்டுறாதம்மா, அந்த நாத்தம் மீனுக்கு ஆவாது" என்று அவர் பைய சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஆண் மீன்தான் இருக்க வேண்டும், இன்னொன்றை விட்டால் ஒன்றை ஒன்று கடித்துக் கொன்றுவிடும். மேலே நாலு விரல் இடம் விட வேண்டும், அது காற்றை வாயால் எடுக்கிற மீன். துள்ளி வெளியே விழாமல் இருக்கக் கொசுவலைத் துண்டைப் போட்டு மூட வேண்டும். வெயில் படக் கூடாது. மீன் வந்த பையை அப்படியே தொட்டியில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரும் ஒரே குளிர்ச்சிக்கு வந்த பிறகுதான் திறந்துவிட வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நீ நோட்டில் எழுதிக்கொண்டாய். நான் வாசலில் செருப்போடு நின்றேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்று என் சட்டையில் யாரும் முகத்தை வைக்கவில்லை.

அதன்பிறகு எல்லாவற்றுக்கும் மைதீன் மாமாதான். தொட்டிக்கு அடியில் போட மணல் வேண்டும் என்றாய். நான் ஆற்றிலிருந்து நல்ல மணலாகப் பார்த்துச் சலித்து, ஒரு பை நிறையக் கொண்டுவந்தேன். நீ அதில் ஒரு கைப்பிடியைக் காகிதத்தில் மடித்து, "மைதீன் மாமாட்ட காட்டிட்டுப் போடலாம்ப்பா" என்றாய். தாமிரபரணி மணலை, அந்த ஆற்றோடு பதினாலு வருஷமாக மாரடிக்கிற நான் கொண்டுவந்ததை, துபாயிலிருந்து வந்த ஒருவர் நல்லது என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். போட்டாய். எனக்கு அதில் சந்தோஷப்பட முடியவில்லை. இட்லி தின்னும்போது மைதீன் மாமா, தலை பின்னும்போது மைதீன் மாமா. உன் அம்மாவிடம், "அந்த ஆளுக்கு வேற சோலி இல்லையா?" என்று கேட்டேன். "புள்ள நாலு விசயம் கத்துக்கிடுது. ஒங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள். எனக்கு என்ன வந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

ஒருநாள் நீ என்னிடமே வந்து சொன்னாய். ரொம்ப நல்லபடியாக, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னாய். "அப்பா, ஒங்க தண்ணிய அப்படியே ஊத்தக் கூடாதாம். அதுல இருக்க மருந்து மீனுக்கு விஷமாம். ரெண்டு நாள் வாளியில தொறந்து வச்சா மருந்து போயிருமாம். மைதீன் மாமா சொன்னாங்க." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்த ஊரில் அது சரி என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் கிடையாது. ஆனால் என் காதில் விழுந்தது "ஒங்க தண்ணி விஷம்" என்பது மட்டும்தான். அன்றிலிருந்து அடுப்படி மூலையில் துணி கட்டிய ஒரு வாளி நின்றது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்ப்பேன். அந்த ஆளே நம் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

ஐப்பசியில் சேரன்மகாதேவியில் உன் சித்தி கல்யாணம். நீயும் அம்மாவும் வெள்ளிக்கிழமையே போய்விட்டீர்கள். மேலே மணிமுத்தாறு பக்கம் நல்ல மழை பெய்து ஆறு செம்மண்ணாக வந்துகொண்டிருந்தது. எனக்கு லீவு இல்லை. புதுத்தண்ணீர் வந்தால் வாந்திபேதி வரும் என்று மருந்தைக் கூட்டச் சொல்லி உத்தரவு. சனிக்கிழமை நானே என் கையால் இரண்டு பங்காகக் கூட்டிப் போட்டேன். இது முக்கியம், கோமதி. இதைத் தாண்டிப் போய்விடாதே. நான் அதை மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் வேலை, காலையில் வீட்டில் இருந்தேன். தொட்டியில் நீ ஒரு சீட்டு ஒட்டி வைத்திருந்தாய். "அப்பா, தண்ணி மாத்த வேண்டாம். நான் வந்து மாத்துவேன். மைதீன் மாமா சொல்லியிருக்காங்க." கடைசி வரிக்கு அடியில் கோடு வேறு. அதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தேன். என் வீட்டில், என் மகள், எனக்கு அவர் பெயரைச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறாள். தண்ணீர் லேசாகக் கலங்கின மாதிரி எனக்குத் தெரிந்தது. கலங்கவில்லை. நீ வந்து பார்த்து, "யாருப்பா மாத்துனா? மைதீன் மாமா மாத்துனதவிட நல்லாருக்கு" என்று சொல்ல வேண்டும். எனக்கு அந்த ஒரு பேச்சு வேண்டியிருந்தது. பாதித் தண்ணீரைக் கோரி வெளியே கொட்டினேன். வாளி நிறையப் பழைய தண்ணீர் காலடியில் இருந்தது. அதைத் தாண்டிப் போய்க் குழாயைத் திறந்தேன். திறந்ததும் வீடு முழுக்க மருந்து நெடி. பிடித்தேன். ஊற்றினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அது தொட்டியின் நாலு பக்கமும் அடித்துக்கொண்டு ஓடியது. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. விரித்த வால் சுருங்கி ஈர்க்குச்சி மாதிரி ஆனது. நீலம் வெளிறிச் சாம்பலானது. அப்போதுதான் ஓடிப்போய் டம்ளரால் அதை அள்ளி வாளிக்குள் விட்டேன். சாய்ந்து மிதந்தது. ஒருமணி நேரம்கூட இல்லை. கொல்ல வேண்டும் என்று ஊற்றவில்லை, அது சத்தியம். ஆனால் ஒன்றும் ஆகாது என்று நினைத்து ஊற்றினேன் என்று சொன்னால் அதுவும் பொய். மேற்கொண்டு செய்ததைப் பதறிப்போய்ச் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பதறவில்லை. தொட்டியைக் காலி செய்தேன், நெடி போகக் கழுவினேன், வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன், செத்த மீனை அதில் விட்டேன், வலையை மூடினேன், உன் சீட்டை இருந்த இடத்திலேயே ஒட்டினேன். நிதானமாகத்தான் செய்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, பட்டுப்பாவாடையோடு நேரே தொட்டிக்கு ஓடினாய். நீ அழுத சத்தத்தில் பக்கத்து வீட்டில் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "காலைல இருந்தே ஒரு மாதிரியாத்தான்மா கெடந்துச்சு. நோய் மீன வித்துருக்கான். ஏமாத்திட்டான் ஒன்னைய" என்றேன். வாய் கூசாமல் வந்தது. உன் அம்மா அடுப்படிக்குப் போனவள் காலி வாளியைப் பார்த்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தாள். "வாளித் தண்ணி எங்க போச்சு?" என்றாள். "கொசு அடைஞ்சுச்சு, கீழ ஊத்திட்டேன்" என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்பது அவள் அன்று சோறு போட்ட விதத்திலேயே தெரிந்தது.

மறுநாள் உன்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அது உனக்கு நினைவு இருக்கும். ஆனால் இப்போது நான் சொல்வதை வைத்து அதை மறுபடி பார். கடையில் இன்னும் இரண்டு மூன்று பேர் பிள்ளைகளோடு நின்றார்கள். நான் வாசலிலிருந்தே சத்தம் போட்டேன். மைதீன் எழுந்து வந்து, முதலில் உன் தலையில் கை வைத்து, "அழாதம்மா" என்றார். எனக்கு அதுவே பொறுக்கவில்லை.

"தண்ணி மாத்துனியளா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"நான் அந்தத் தொட்டியத் தொடவே இல்ல."

"வாளியில தண்ணி இருந்துச்சா?" என்று உன்னிடம் கேட்டார்.

"வாளி காலியா இருந்துச்சு மாமா" என்றாய் நீ.

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்தினார். "கொழாத் தண்ணிய ஊத்திட்டிய. தெரியாம நடக்கதுதான், ஒண்ணுமில்ல. வேற மீன் தாரேன், புள்ளைய அழ விடாதிய."

அந்த இடத்தில் ஒரு தலையை ஆட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் எனக்கு ஒரு வழியைத் திறந்து வைத்தார். அவர் நல்லவராக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. "எனக்கே தண்ணியப் பத்திப் பாடம் எடுக்கியா? ஊருக்கே தண்ணி குடுக்கவன்வே நான்! நோய் மீன வித்துட்டு என் மேல பழி போடுதியா?" என்று கத்தினேன்.

அவருக்கும் முகம் சிவந்துவிட்டது. "அல்லா மேல ஆணையா அது நோய் மீன் இல்ல. நீங்க பொய் சொல்லுதிய அண்ணாச்சி" என்றார்.

அப்போது நீ என் கையை உதறிவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்றாய். "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாங்க. நீங்கதான் பொய் சொல்லுதிய. நீங்க பொய்யன்" என்றாய். மைதீன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நிற்கிறவர்கள் எல்லாம் நம்மையே பார்த்தார்கள். உன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். உன் கை என் கைக்குள் அவ்வளவு இறுக்கமாக இருந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் பாதி உண்மைதான். அதற்குப் பிறகு வந்த மாதங்கள் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான மாதங்கள். நீ மறுபடி எனக்கே எனக்கு என்று ஆகிவிட்டாய். சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து ஆற்றங்கரைக்கு வந்தாய், மோட்டார் ரூமில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாய். குற்ற உணர்ச்சியில் நான் தூங்காமல் கிடந்தேன் என்றெல்லாம் இல்லை. நன்றாகத் தூங்கினேன். தெருவில் யார் கேட்டாலும், "அந்தக் கடையில வாங்காதிய, நோய் மீன்" என்று சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். தண்ணீர் டேங்கில் வேலை பார்க்கிறவன் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்? அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அந்தக் கடை இல்லை. என்னால்தான் மூடினார் என்று உறுதியாகத் தெரியாது. என்னால் இல்லை என்றும் சொல்ல முடியாது. நீ அதற்குப் பிறகு ஒரு மீனும் கேட்கவில்லை. தொட்டியில் அம்மா உப்புப் புளி போட்டு வைத்தாள்.

உன் போன் வந்த அந்த வாரமே மேலப்பாளையத்துக்குப் போய் விசாரித்தேன். பல பேரிடம் கேட்டுக் கண்டுபிடித்தேன். கடையை மூடிவிட்டுத் திரும்பவும் துபாய் போய்ப் பத்துப் பதினைந்து வருஷம் இருந்திருக்கிறார். இப்போது மகன் வைத்திருக்கிற செல்போன் கடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும், "தண்ணி டேங்க் அண்ணாச்சிதான?" என்றார். டீ வாங்கிவரச் சொன்னார். டீ வருவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று, "அன்னைக்கு நான்தான் கொழாத் தண்ணிய ஊத்துனேன் பாய்" என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி. வாளி காலின்னு புள்ள சொன்னப்பவே தெரியும்."

"மன்னிச்சிருங்க."

"ஒங்கள நான் அன்னைக்கே விட்டுட்டேன். யாவாரத்துல நாலு பேரு நாலு சொல்லத்தான் செய்வாங்க. புள்ள சொன்னதுதான் விடல. ஒரு புள்ள என்னையப் பொய்யன்னு நெனச்சே வளந்துருக்கு. அத எங்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோசனம்? அவகிட்டல்லா சொல்லணும்."

பிறகு டீ வந்தது. குடித்துக்கொண்டே அவர் ஒன்று சொன்னார். நாம் சண்டை போட்டு ஒரு வாரம் கழித்து நீ தனியாகக் கடைக்கு வந்தாயாம். புத்தகப் பையோடு தெருவின் எதிர்ச் சாரியில் நின்றாயாம். ரொம்ப நேரம் நின்றாயாம். "கூப்பிடணும்னுதான் எழுந்திரிச்சேன். நீங்க ஏசுவியளோன்னு உக்காந்துட்டேன். கூப்பிட்டிருக்கணும் அண்ணாச்சி. அது இன்னும் மனசுல கெடக்கு" என்றார். நீ எதற்குப் போய் நின்றாய்? மன்னிப்புக் கேட்கவா? இல்லை, என் மேல் உனக்கு அப்போதே சந்தேகமா? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் நீ நின்றாய் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில், கையில் டீயை வைத்துக்கொண்டு, என் மகளைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை இந்த மனிதர் இத்தனை வருஷம் வைத்திருந்தாரே என்று எனக்கு எரிந்தது. அறுபத்தெட்டு வயதில், அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. இந்தக் குணம் போகும் என்று இனி நான் நம்பவில்லை. அதற்கு ஆடாமல் உட்கார்ந்திருக்க மட்டும் பழகுகிறேன். உன் மாமனாரிடம் நேற்று போனில் பேசினேன். தொட்டியை நன்றாக வைத்திருக்கிறார் என்று சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை எனக்கு வேர்த்தது.

தியாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை உன்னிடமே விட்டுவிடுகிறேன். என் பெயர் கெடுமே என்று பார்க்காதே. மைதீனின் எண்ணை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். நீ அவரிடம் பேசு. பேசினாயா என்று நான் கேட்க மாட்டேன். இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டீர்கள், எத்தனை நேரம் பேசினீர்கள் என்றும் கேட்க மாட்டேன். கேட்கத்தான் தோன்றும்.

அப்பா